துயரத்திற்கு ஒரு பெயர்: பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆண்களும் நம் மொழியும்

(கிள்ளானில் ஆசிரியர்கள், மாணவர்கள் முன்னிலையில் நிகழ்த்திய பொது உரையின் விரிவாக்கப்பட்ட எழுத்து வடிவம்)



மொழியியல் படித்தவன் மேடை ஏறினால் ஒலியனைப் பற்றியோ, கிளைமொழியைப் பற்றியோ, கலைச்சொல்லாக்கத்தைப் பற்றியோ பேசுவான் என்றே எவரும் எதிர்பார்ப்பர். இன்று நான் எடுத்துக்கொண்டதும் சொற்களைப் பற்றிய பொருள்தான். ஆனால் அச்சொற்கள் வகுப்பறையிலும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் சொற்கள். பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆண்களையும் சிறுவர்களையும் நாம் ஏன் இனங்காணத் தவறுகிறோம், இனங்கண்டபின் அவர்களுக்கு எவ்வாறு துணைநிற்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

தொடங்குமுன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் செல்வதற்கு முன், இருபது வயதில், ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஓராண்டு தற்காலிக ஆசிரியராக இருந்தேன். நான்காம் ஆண்டில் பயின்ற சிறுவன் ஒருவன் ஒருநாள் ஓய்வுநேரத்தில் என் மேசையருகே வந்து நின்றான். "சார், வீட்டுல தங்கியிருக்கிற அண்ணன் ராத்திரியில என்கூட விளையாடுறாரு. எனக்குப் பிடிக்கல சார்" என்றான். நான் பயிற்சி ஏடு திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, "பிடிக்கலன்னா விளையாடாதே. போய் உட்காரு" என்றேன். அவன் போய் உட்கார்ந்தான். அதன்பின் அவன் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

சில ஆண்டுகள் கழித்தே, 'விளையாட்டு' என்னும் சொல்லுக்கு அவன் வாயில் என்ன பொருள் இருந்திருக்கக்கூடும் என்பது எனக்கு உறைத்தது. இன்றளவும் என்னால் அதை உறுதிப்படுத்த இயலவில்லை. அன்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவன் தன்னிடமிருந்த ஒரே சொல்லைக் கொண்டு வந்தான். நான் அதற்கு அகராதிப் பொருள் கொண்டேன்.

1. சேலையும் முள்ளும்

முள்மேல் சேலை விழுந்தாலும் சேலைமேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான் என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் பழமொழி. பெண்பிள்ளைகளை எச்சரிப்பதற்காகச் சொல்லப்படுவது இது. இதன் குறைகளைப் பெண்கள் பலர் எடுத்துரைத்துள்ளனர்: முள்ளுக்குப் பொறுப்பில்லை, சேலைதான் விலகி நடக்கவேண்டும் என்று இது கற்பிக்கிறது. நான் சுட்ட விரும்புவது இன்னொரு குறை. இப்பழமொழியில் துணி என்றாலே சேலைதான். வேட்டியும் கிழியும் என்னும் எண்ணத்திற்கு அதில் இடமே இல்லை. 'ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது?' என்று நாம் அன்றாடம் கேட்கும் கேள்வி இப்பழமொழியின் மறுபக்கம்.

இதே பார்வை நம் சொல்லாக்கத்திலும் பதிந்துள்ளது. 'கற்பழிப்பு' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அழித்தல் என்னும் வினைக்கு அங்கே செயப்படுபொருள் எது? தாக்கப்பட்ட ஆள் அன்று, கற்பு. துன்புற்றவர் அச்சொல்லின் இலக்கணத்திலேயே காணாமற்போய்விடுகிறார். நாளிதழ்களில் இன்றும் காணும் 'மானபங்கம்' என்னும் சொல்லும் இத்தகையதே. பங்கமுற்றது மானம். இரண்டு சொற்களும் குற்றம் செய்தவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லாமல், குற்றத்திற்கு ஆளானவர் எதை இழந்தார் என்பதையே சொல்கின்றன.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியலை அடுத்து வருவது கற்பியல். அங்கே கற்பு என்பது மணவாழ்வின் ஒழுகலாற்றைக் குறிக்கும். பிற்காலத்தில் அது பெண்ணின் உடலோடு பிணைக்கப்பட்ட உடைமைபோல் ஆயிற்று. கற்பை இருபாலார்க்கும் பொதுவாக்கவேண்டும் என்று பாரதியார் பாடினார். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் அக்கருத்தையே கேள்விக்குள்ளாக்கினார். ஆயினும் வழக்கில் கற்பு பெண்ணுக்குரியதாகவே நிலைத்தது. கற்பு பெண்ணுக்கே உரியது என்றால், 'கற்பழிக்கப்பட்ட ஆண்' என்னும் தொடர் பொருந்தாத் தொடராகிறது. கேட்பவர் சிரித்துவிடுகிறார். ஒரு துயரத்தைச் சொல்லும் தொடர் நகைப்புக்கு இடமாகுமானால், அத்துயரத்தை உடையவர் எப்படி வாய் திறப்பார்?

பெண்ணியச் சிந்தனையாளர்களும் இதழாளர்களும் இச்சொல்லைக் கைவிட்டுப் 'பாலியல் வன்முறை', 'பாலியல் வன்கொடுமை' என்னும் தொடர்களைப் பரப்பினர். அவர்கள் இம்மாற்றத்தைப் பெண்களின் மாண்பு கருதிச் செய்தனர். அதன் பயன் ஆண்களையும் சென்றடைந்தது. ஏனெனில் இத்தொடர்களில் துன்புற்றவரின் பால் குறிக்கப்படவில்லை. செயலின் கொடுமையே குறிக்கப்படுகிறது. பெண்களுக்கு நீதியான சொல் ஆண்களுக்கும் நீதியான சொல்லாக அமைந்தது. ஆண்களின் துயரைப் பேசுவது பெண்களின் துயரைக் குறைத்துக் காட்டும் முயற்சி என்று எவரேனும் ஐயுற்றால், இச்சொல்லின் வரலாறே அவர்களுக்கு விடையாகும். பாலியல் வன்முறைக்கு மிகுதியாக ஆளாவோர் பெண்களும் சிறுமியருமே என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவர்களோடு இவர்களும் இருக்கின்றனர் என்பதே நான் சொல்வது.

2. சட்டம் வைத்த பெயர்கள்

நம் நாட்டுச் சட்டத்திலும் பெயரிடும் சிக்கல் உண்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு 'ரோகோல்' எனப்படும் குற்றத்தை வரையறுக்கையில், ஆண் ஒருவன் பெண் ஒருத்திக்கு இழைக்கும் குற்றமாகவே அதைக் கூறுகிறது. வயதுவந்த ஆண் ஒருவர் இத்தகைய கொடுமைக்கு ஆளானால் அப்பிரிவு அவருக்குப் பொருந்தாது. ஆயினும் சட்டம் அவரை முற்றாகக் கைவிடவில்லை. விருப்பமின்றி வலிந்து செய்யப்படும் உறவைத் தண்டிக்கும் 377சி பிரிவு இருபாலாருக்கும் பொருந்தும். குறைந்தது 5 ஆண்டும் அதிகம் போனால் 20 ஆண்டும் சிறையும் பிரம்படியும் அதற்குரிய தண்டனை. ஒருவரின் நாணத்தைக் குலைக்கும் நோக்கில் தாக்குவதைக் குற்றமாக்கும் 354ஆம் பிரிவும் 'எவரையேனும்' என்றே பேசுகிறது.

சிக்கல் எங்கே என்றால், 377சி பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உறவு என்னும் தலைப்பின்கீழ் அமைந்திருப்பதில். அதே தலைப்பின்கீழ் உள்ள 377பி பிரிவு, விரும்பிச் செய்வதையும் குற்றமாக்குகிறது. ஆகவே துன்புற்ற ஆண் ஒருவர், 'நான் புகார் செய்தால் என்னையே குற்றவாளியாக்கி விடுவார்களோ?' என்று அஞ்சுகிறார். பெண்ணுக்கு நிகழ்ந்தது வன்முறை என்று பெயர் பெறுகையில், ஆணுக்கு நிகழ்ந்தது ஒழுக்கக்கேடு என்று பெயர் பெறுகிறது.

நம் தமிழ் இதழ்கள் இக்குழப்பத்தை மேலும் வளர்த்தன. மலாய்மொழியில் 'லிவாட்' எனப்படும் குற்றச்சாட்டுகளை அவை 'ஓரினப் புணர்ச்சி' என்றே நெடுங்காலமாக எழுதிவந்துள்ளன. புணர்ச்சி என்றால் என்ன என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நிலைமொழியும் வருமொழியும் இயைவது புணர்ச்சி. அகப்பொருளில் அது இருவர் மனமொத்துக் கூடுவது. ஒருவர் மற்றவரைத் தாக்கிய செயலுக்குப் 'புணர்ச்சி' என்று பெயரிட்டால், தாக்கப்பட்டவரும் அதில் பங்காளி ஆகிவிடுகிறார். பதினான்கு வயதுச் சிறுவனை முதியவர் ஒருவர் சீரழித்த செய்திக்கு இத்தலைப்பைக் கொடுத்தால், அச்சிறுவன் மறுநாள் பள்ளிக்கு எந்தப் பெயரோடு வருவான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நற்பேறாக, சிறார் தொடர்பான சட்டம் இவ்வகையில் முன்னேறியுள்ளது. கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடையே பழகி அவர்களைச் சீரழித்த பிரிட்டானியர் ரிச்சர்ட் ஹக்கிள், 71 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டதன்பேரில் 2016 ஜூனில் இலண்டன் நீதிமன்றத்தில் 22 ஆயுள் தண்டனைகள் பெற்றார். அவ்வழக்கு இந்நாட்டில் பேரதிர்ச்சியை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே 'சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017' இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் சிறார் என்றால் 18 வயதுக்குட்பட்ட எவரும். ஆணா பெண்ணா என்னும் வேறுபாடு அதில் இல்லை. உடல்வழிப் பாலியல் தாக்குதலுக்கு 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆசிரியர், காப்பாளர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றம் புரிந்தால் கூடுதல் தண்டனை உண்டு.

அடுத்து, 'பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022' இருபாலாரும் முறையிட வழி செய்கிறது. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் முதல் செயல்படுகிறது; 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க ஆணையிடும் அதிகாரம் அதற்குண்டு. எனினும் அரச மலேசியக் காவல்துறையில் இத்தகைய வழக்குகளைப் புலனாயும் டி11 பிரிவின் பெயரில் பாலியல் குற்றமும் பெண்களும் சிறாரும் இடம்பெற்றுள்ளனர். வயதுவந்த ஆண் அக்கதவைத் தட்டலாம், தட்டினால் திறக்கும். ஆனால் கதவின்மேல் அவர் பெயர் எழுதப்படவில்லை.

3. பெயரற்றவர்கள் எண்ணப்படுவதில்லை

வரையறை மாறும்போது எண்ணிக்கையும் மாறும். அமெரிக்காவின் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பு 1927ஆம் ஆண்டுமுதல் இக்குற்றத்தைப் பெண்ணுக்கு எதிரானதாக மட்டுமே வரையறுத்து எண்ணிவந்தது. 2012இல்தான் பால் வேறுபாடற்ற வரையறை அறிவிக்கப்பட்டது. அதுவரை எண்பதாண்டுக்கு மேலாக நாடளாவிய கணக்கில் ஆண்களின் பத்தி வெற்றிடமாக இருந்தது. குற்றம் நிகழாததால் அன்று. எண்ணுவதற்குப் பெயர் இல்லாததால். இங்கிலாந்தின் சட்டம் ஆண்களையும் இக்குற்றத்திற்கு ஆளாவோராக ஏற்றது 1994இல்.

கேட்டால் விடை கிடைக்கும் என்பதற்கு இந்தியா சான்று. 2007இல் இந்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியோர் 53.22 விழுக்காட்டினர். அவர்களுள் 52.94 விழுக்காட்டினர் ஆண் குழந்தைகள். ஆண்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்னும் நம்பிக்கையை இந்த ஓர் எண் தகர்த்தது. 2012இல் அங்கு இயற்றப்பட்ட போக்சோ சட்டம் இருபால் குழந்தைகளையும் காக்கிறது. ஆனால் 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 377ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவு இல்லை. ஆகவே வயதுவந்த ஆணுக்கு இழைக்கப்படும் பாலியல் வன்கொடுமைக்கென ஒரு தனிப்பிரிவு அங்கே இப்போது இல்லாமற்போயிற்று.

தமிழராகிய நாம் மறக்கக்கூடாத சான்று இலங்கையிலிருந்து வருவது. சித்திரவதைக்கு ஆளானோரைப் பேணும் இலண்டன் மருத்துவ அறக்கட்டளை ஒன்றுக்கு அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களைப் பற்றிய ஆய்வுக் குறிப்பு 2000ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களுள் 38 பேர், அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர், தடுப்புக்காவலில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அயல்நாட்டில், மருத்துவர் முன்னிலையில், கேட்கப்பட்டபோது கூறியவர்கள் அவர்கள். ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை 2015 செப்டம்பரில் வெளிவந்தது. பாதுகாப்புப் படையினரின் காவலில் இருந்தோர்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறையில், பெண்களுக்கு இணையாக ஆண்களும் ஆளாகியிருப்பதை அது பதிவுசெய்தது. இலங்கை அரசு இத்தகைய குற்றச்சாட்டுகளை மறுத்துவந்துள்ளது.

இவ்வாண்கள் தம் ஊர்களில் என்ன சொல்லிக்கொண்டனர்? 'அடித்தார்கள்', 'சித்திரவதை செய்தார்கள்' என்று சொல்லலாம். அச்சொற்களில் வீரத்தழும்பின் பெருமைக்குச் சிறிது இடமுண்டு. எஞ்சியதைச் சொல்ல ஊர்வழக்கில் சொல் இல்லை. 'சித்திரவதை' என்னும் பொதுச்சொல்லின்கீழ் இக்கொடுமை புதைந்துபோயிற்று. இதே புதைப்பு நம்மிடையேயும் நிகழ்கிறது. தங்குவிடுதிகளில் மூத்த மாணவர்கள் இளையவனின் ஆடையைக் களைவதும், அவன் உறுப்பைத் தாக்குவதும், அதைக் கைப்பேசியில் படம்பிடிப்பதும் 'பகடிவதை' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பகடி என்றால் விளையாட்டுக் கேலி. மீண்டும் விளையாட்டு! பகடிவதைக்குள் நிகழ்ந்தது பாலியல் வன்முறையானால், அதைப் பாலியல் வன்முறை என்றே பதிவு செய்யவேண்டும்.

நாம் வாழும் சிலாங்கூரிலேயே அண்மையில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் காவல்துறையினர் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் உள்ள 20 பராமரிப்பு இல்லங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி 402 சிறாரை மீட்டனர். ஜிஐஎஸ்பி என்னும் வணிக நிறுவனத்தோடு தொடர்புடையவை என்று காவல்துறை கூறிய இல்லங்கள் அவை. மீட்கப்பட்டோருள் சிறுவர் 201, சிறுமியர் 201. அவர்களுள் குறைந்தது 13 பேர் வலிந்த குதவழிக் கொடுமைக்கு ஆளாகியிருந்ததாகக் காவல்துறைத் தலைவர் அப்போது அறிவித்தார். மீட்கப்பட்ட சிறாரில் சரிபாதி ஆண்பிள்ளைகள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பாதுகாப்பு என்றவுடன் பெண்பிள்ளையை மட்டும் எண்ணும் நம் மனப்பழக்கத்திற்கு அவ்வெண் ஓர் எச்சரிக்கை.

4. வாய்திறக்கவிடாத நம்பிக்கைகள்

ஆண்கள் ஏன் சொல்வதில்லை? சொல் இல்லாமை ஒரு காரணம். பிழையான நம்பிக்கைகள் மற்றொரு காரணம். நான்கைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, 'ஆணாக இருந்தால் எதிர்த்திருப்பான்' என்பது. பேரச்சத்தின்போது உடல் மூன்றுவகையாக எதிர்வினையாற்றும்: எதிர்க்கும், ஓடும், அல்லது உறைந்துபோகும். உறைந்துபோவதை மனம் தேர்ந்தெடுப்பதில்லை. உடல் தானாகச் செய்கிறது. வலிமைமிக்க ஆணும் உறைந்துபோகக்கூடும். அதிலும் தாக்குபவர் உறவினராகவோ, பயிற்றுநராகவோ, சமயப் பெரியவராகவோ, முதலாளியாகவோ இருந்தால், மறுக்கும் துணிவு முன்கூட்டியே பறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, 'உடல் இசைந்தால் மனமும் இசைந்ததாகும்' என்பது. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டியுள்ளது. அச்சத்திலும் வலியிலும்கூட ஆணின் உறுப்பு தூண்டலுக்கு எதிர்வினை காட்டலாம். அது வெங்காயம் அரிகையில் கண்ணீர் வருவதைப் போன்ற உடற்செயல். அதில் துயரமும் இல்லை, இசைவும் இல்லை. இந்த ஓர் உண்மையை அறியாததால், 'நானும் விரும்பினேனோ?' என்று வாழ்நாள் முழுவதும் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியோர் பலர்.

மூன்றாவது, 'அவனும் நாளை இப்படிச் செய்வான்' என்பது. சிறுவயதில் துன்புற்றோரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்துவதில்லை. இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே பலர் தம் மனைவியரிடமும் சொல்லாமல் மறைக்கின்றனர். பாலியல் வன்முறை ஒருவரின் பாலீர்ப்பை மாற்றிவிடும் என்னும் நம்பிக்கைக்கும் சான்றில்லை.

நான்காவது, 'பெண் ஒருத்தி செய்தால் அது கொடுமையாகாது' என்பது. பதின்வயதுச் சிறுவனை மூத்த பெண்ணொருவர் பயன்படுத்திக்கொண்டால், 'கொடுத்து வைத்தவன்' என்று நண்பர்கள் நகைப்பர். அவனுக்குக் கிடைத்த பெயர் அதிர்ஷ்டசாலி. அவன் அடைந்த குழப்பத்திற்கும் அருவருப்புக்கும் பெயர் கிடைக்கவில்லை.

இந்நான்கும் 'ஆண்மை' என்னும் ஒரு சொல்லின் குறுகிய பொருளிலிருந்து கிளைப்பவை. வள்ளுவர் 'பேராண்மை' என்னும் சொல்லைப் படைச்செருக்கு அதிகாரத்திலும் ஆள்கிறார். பிறனில் விழையாமை அதிகாரத்திலும் ஆள்கிறார். ஓரிடத்தில் அது அஞ்சாமை. மற்றோரிடத்தில் அது தன்னடக்கம். தாக்குண்டவன் ஆண்மை இழந்தான் என்பது அவ்விரு பொருளுக்கும் பொருந்தாத கூற்று. பிறர் உடலை மதிக்காதவனே பேராண்மையிலிருந்து வழுவியவன். வெளியே சொல்ல முன்வரும் சிறுவனிடம் இருப்பதோ அஞ்சாமை.

5. அறிவினாவும் அறியாவினாவும்

இனி ஆசிரியர்களுக்கு. ஒரு சிறுவன் துன்புறுகிறான் என்பதை எவ்வாறு அறிவது? பெண்பிள்ளைகளிடம் துயரம் பெரும்பாலும் அழுகையாகவும் ஒதுங்கலாகவும் தென்படும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆண்பிள்ளைகளிடம் அது சினமாக, அடிதடியாக, பள்ளிக்கு மட்டம்போடுவதாக, போதைப்பழக்கமாக வெளிப்படலாம். அதனால் அவன் ஆலோசக ஆசிரியரிடம் அனுப்பப்படாமல் கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்பப்படுகிறான். கழிப்பறைக்குச் செல்ல அஞ்சுதல், உடற்கல்வி நேரத்தில் உடைமாற்ற மறுத்தல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குதல், திடீரெனப் புதிய கைப்பேசியும் பணமும் கையில் புழங்குதல், தன் வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு ஆகியன கவனிக்கத்தக்கவை. இவற்றுள் எதுவும் தனித்து நின்று சான்றாகிவிடாது. ஆனால் ஒவ்வொன்றும், 'இவனுக்கு என்ன தண்டனை?' என்று கேட்பதற்குமுன் 'இவனுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கவைக்க வேண்டும்.

மாணவன் வாய்திறந்தால் எப்படிக் கேட்பது? நன்னூலார் வினாவை ஆறாக வகுத்ததை நீங்கள் பாடமாக நடத்துகிறீர்கள். ஆசிரியரின் அன்றாட வினா அறிவினா. விடையைத் தாம் அறிந்துகொண்டு மாணவனைச் சோதிப்பது. இவ்விடத்தில் அது பெரும் தீங்கு செய்யும். இங்கே வேண்டியது அறியாவினா. உண்மையாகவே அறியாமல், அறிய விரும்பிக் கேட்பது. 'மாமா உன்னைத் தொட்டாரா?' என்று கேட்கையில் ஈற்றில் நிற்கும் ஆகாரம் விடையையும் சேர்த்தே ஊட்டிவிடுகிறது. பின்னர் நீதிமன்றத்தில், 'ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்' என்று எதிர்த்தரப்பு வாதிட அது இடங்கொடுக்கும். 'என்ன நடந்தது?', 'பிறகு?' என்னும் வினாக்களே போதும். 'ஏன்' என்னும் வினாவை அறவே விலக்குங்கள். 'ஏன் கத்தவில்லை?', 'ஏன் முன்பே சொல்லவில்லை?' என்பன வினாவடிவில் வரும் பழிச்சொற்கள். முழு விவரத்தையும் கறக்க முற்படுவதும் தவறு. விசாரிப்பது பயிற்சிபெற்ற அதிகாரிகளின் பணி. கேட்பது மட்டுமே நம் பணி.

சொல்லவேண்டியவை சிலவே. அவன் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள்: "நீ சொன்னது நல்லது. நான் உன்னை நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்ல. உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் நான் இதைச் சொல்லணும்." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதி கூறாதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் இயலாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். தவறினால் 5,000 ரிங்கிட் வரை தண்டம். பள்ளியின் பெயர் கெடும், குடும்பத்தின் மானம் போகும் என்னும் காரணங்களைச் சட்டம் ஏற்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசித்தீர்ப்பதும் கூடாது.

அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி எனப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி உதவி மையம் உண்டு. மருத்துவப் பரிசோதனை, காவல்துறைப் புகார், சமூகநல உதவி ஆகியவற்றை ஓரிடத்தில் பெறும் ஏற்பாடு அது. கிள்ளான் வட்டாரத்தினர் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குச் செல்லலாம். நிகழ்வு அண்மையில் நடந்திருந்தால் விரைவு முக்கியம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாகவேண்டும். குளிக்காமலும் உடைகளைத் துவைக்காமலும் செல்வது சான்றுகளைக் காக்கும். அவ்வாறு காக்க இயலாமற்போயிருந்தாலும் செல்லத் தயங்கவேண்டாம். 'தாலியான் காசே' உதவி எண் 15999 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. பல்லாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கொடுமையைச் சுமந்துகொண்டிருக்கும் பெரியவர்களும் மனநல மருத்துவரையோ உளவள ஆலோசகரையோ நாடலாம். காலம் கடந்துவிட்டது என்பது உதவி பெறுவதற்குத் தடையன்று.

6. மாணவர்களுக்குச் சில சொற்கள்

இளையோரே, உங்கள் நண்பன் இத்தகைய ஒன்றைச் சொன்னால் முதலில் சிரிக்காதீர்கள். உண்மையா என்று சோதிக்காதீர்கள். பழிவாங்கப் புறப்படவும் வேண்டா. அவனோடு உடன்சென்று நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் கேளாவிடில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். புலனக் குழுக்களில் எவருடைய படமோ காணொளியோ வந்தால் பகிராதீர்கள். பகிர்வது அக்கொடுமையை மீண்டும் நிகழ்த்துவதற்கு ஒப்பானது.

துன்புற்றவரை என்ன பெயரிட்டு அழைப்பது என்று மாணவர் ஒருவர் என்னை வினவினார். 'பாதிக்கப்பட்டவர்' என்கிறோம், சிலர் 'மீண்டெழுந்தவர்' என்பதை விரும்புகின்றனர். சட்டத்திற்கு முதற்சொல் வேண்டும். மனத்திற்கு இரண்டாவது சொல் தேவைப்படலாம். எதை ஏற்பது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். தன் உடல்மீது உரிமை பறிக்கப்பட்டவருக்குத் தன் பெயர்மீதாவது உரிமை இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. ஆண்பிள்ளைகளுக்கும் உடலுறுப்புகளின் பெயர்களைச் செல்லச் சொற்களாலோ வசைச் சொற்களாலோ அன்றி, முறையான சொற்களால் கற்றுக்கொடுங்கள். பெயர் தெரியாத உறுப்புக்கு நேர்ந்த தீங்கைக் குழந்தையால் முறையிட இயலாது.

நிறைவுரை

மொழிக்கழகங்கள் கணினிக்கும் விண்வெளிக்கும் சொல் படைத்துத் தருகின்றன. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பத்து வயதுச் சிறுவன் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் தவிக்கும்வரை நம் சொல்லாக்கப் பணி நிறைவுறாது. 'பாலியல் வன்முறை' என்னும் தொடர் நம் கையில் இருக்கிறது. அதில் ஆணுக்கும் இடமுண்டு என்பதைப் பாடத்திலும் செய்தியிலும் வீட்டிலும் பழக்கப்படுத்துவதே எஞ்சியுள்ள பணி.

என் மேசையருகே வந்து நின்ற சிறுவனுக்கு இப்போது ஐம்பது வயதைக் கடந்திருக்கும். அவன் சொன்னது வெறும் விளையாட்டாகவே இருந்திருக்கட்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். ஆனால் நாளை உங்கள் மேசையருகே ஒருவன் வந்து, 'விளையாடுறாரு சார், எனக்குப் பிடிக்கல' என்று சொன்னால், ஏட்டை மூடிவையுங்கள். நிமிர்ந்து பாருங்கள். "என்ன விளையாட்டு, சொல்லுப்பா" என்று கேளுங்கள்.